செல்லைக் கொன்ற கொழுப்பு

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் நிலக்கடலை பழைய பயிர். தாளிப்பு என்றாலே கடலெண்ணெய் வாசம்தான். 2007-ல் தமிழக அரசின் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைக்குப் பாமாயிலும் வந்தது. அது நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை! பாமாயிலில் ஏறக்குறைய 40 சதவீதம் பால்மிடிக் அமிலம். கடலெண்ணெயில் சுமார் 10 சதவீதம்தான்.

இந்தப் பால்மிடிக் அமிலத்துக்குக் கெட்ட பெயர் வந்தது ஆய்வுக்கூடத்தில். 1994-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ராஜர் அங்கர் குழுவினர் எலியின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளை எடுத்து, கொழுப்பு அமிலம் கலந்த திரவத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். செல்களின் வேலை கெட்டது. கொழுப்பே விஷமாவதற்கு 'லிப்போடாக்சிசிட்டி' என்று பெயர் வைத்தார்கள். (கொழுப்பு அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் ஆல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்துத்தான் செல்லுக்கு ஊட்டுவார்கள். ஆல்புமின் குறைந்தால் அதே அளவு கொழுப்பு இன்னும் கடுமையாகத் தாக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவது வீண்.)

2003-ல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜீன் ஷாஃபர் குழு கண்டதுதான் பெரிய ஆச்சரியம். வெள்ளெலியின் சினைப்பைச் செல்களுக்குப் பால்மிடிக் அமிலம் கொடுத்தால் செத்தன. ஒலியிக் அமிலம் கொடுத்தால் உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்தும் பிழைத்துக்கொண்டன! இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் பிழைத்தன. ஒலியிக் அமிலம் இருந்தால் பால்மிடிக் அமிலமும் ட்ரைகிளிசரைடாக மாறித் துளிக்குள் அடங்கிவிடுகிறது. வியாபாரக் கணக்கில் சொன்னால், சரக்கு அதிகம் வந்ததால் கடை மூழ்கவில்லை; குடோன் இல்லாததால் மூழ்கியது.

ஒல்லியானவருக்கு ஏன் சர்க்கரை வியாதி என்ற கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது. 2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1! எடை மெஷினில் தெரியாத கொழுப்பு இது. தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு ஈரலிலும் கணையத்திலும் போய்ச் சேரும்போது அங்கர் சொன்ன சிக்கல் தொடங்குகிறது என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

அப்படியானால் ரேஷன் பாமாயில்? அதிலும் ஒலியிக் அமிலம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. தட்டில் செத்த செல்லுக்கோ தனிப் பால்மிடிக் அமிலம்தான் கிடைத்தது.