திருவிதாங்கூர் திவானின் ஸ்காட்ச் வடிசாலை

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்னெஸ் நகரத்தைத் தாண்டிச் சுமார் 20 மைல் போனால் ஆல்னெஸ் என்ற சின்ன ஊர் வரும். அங்கே இரண்டு விஸ்கி வடிசாலைகள் இருக்கின்றன. ஒன்று டால்மோர். ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீ கடைகளில் மான் தலை ஒட்டிய பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். இன்னொன்று டீனினிக். இதன் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் தெரியாமலே குடித்திருப்போம். காரணம், அங்கே வடிக்கும் சரக்கில் பெரும்பகுதி ஜானி வாக்கர் போன்ற கலவை விஸ்கிகளுக்குள் போய்விடுகிறது.

ஒரு விஸ்கியைச் சுவைத்து மார்க் போடுவதற்கு முன்னால் அதன் ஜாதகத்தைப் பார்ப்பது என் வழக்கம். யார் ஆரம்பித்தார், யார் வாங்கினார், எப்போது மூடினார்கள், எப்போது திறந்தார்கள், இப்படி. டீனினிக்கின் பழைய முதலாளிகள் பட்டியலில் இரண்டாவது பெயர் ஜான் மன்றோ. கரமனையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரைச் சும்மா தாண்டிப் போக முடியாது. எங்கள் ஊர்ப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வரும் அதே கர்னல் மன்றோதான். 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரின் ஆங்கிலேய ரெசிடென்ட். அதில் 1811 முதல் 1814 வரை திவானும் அவரே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரை மேல் சிலையாக உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ. ரயத்வாரி முறையைக் கொண்டுவந்தவர், மதராஸ் கவர்னராக இருந்து 1827-இல் இறந்தவர். நம்ம ஆள் வேறு. 1778-இல் பிறந்தவர், டீனினிக் எஸ்டேட் குடும்பத்தின் இளைய பிள்ளை. ஹைலண்ட்ஸ் ஜமீன் வீடுகளில் அன்றைக்கு நடைமுறை இதுதான்: நிலம் மூத்தவனுக்கு, இளையவனுக்கு இந்தியாவுக்குக் கப்பல். ஜான் 1791-இல், மீசை முளைக்காத வயதில், மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான சண்டையில் இருந்தார். பிறகு மதராஸ் ராணுவத்தின் குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரல். அங்கிருந்து திருவனந்தபுரம்.

ஒரே கையில் இரண்டு நாற்காலி

மன்றோ வந்த நேரம் நல்ல நேரமில்லை. வேலுத்தம்பி தளவாய் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பி 1809-இல் மண்ணடியில் உயிரை விட்டிருந்தார். அடுத்து வந்த உம்மிணித்தம்பியும் (கரமனையைத் தாண்டிப் போனால் வரும் பாலராமபுரத்தில் தமிழ் நெசவாளர்களைக் குடியேற்றியவர்) பதவி இழந்தார். அரசி கௌரி லட்சுமிபாய்க்கு அப்போது வயது இருபது. ரெசிடென்டையே திவானாகவும் இருக்கச் சொன்னார். அதாவது கப்பம் வாங்குகிற கையும் கப்பம் கொடுக்கிற கையும் ஒரே ஆளுடையவை!

அந்த மூன்று வருடத்தில் மன்றோ செய்ததைப் பட்டியல் போட்டால் நீளும். எழுத்தில் சட்டம் கொண்டுவந்தார், அதற்குச் சட்டவரியோலை என்று பெயர். ஜில்லா கோர்ட்டுகளை அமைத்தார். 1812-இல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடை செய்து ராணியின் விளம்பரம் வந்தது. ஆனால் நிலத்தோடு கட்டப்பட்ட அடிமைகளுக்கு அதில் விடுதலை இல்லை. 1811-இல் 348 பெரிய கோயில்களின் சொத்துக்களை அரசு நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டார்.

இந்தக் கடைசி விஷயத்தின் வால் இன்றுவரை நீள்கிறது. நம் அரசியல் சட்டத்தில் 290ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கேரள அரசு வருடாவருடம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரிப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அங்கே போன கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு 13 லட்சத்து 50 ஆயிரம் தரவேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதற்கான ஈடு அது. கணக்கை ஆரம்பித்து வைத்தவர் மன்றோ.

ஏணிக்கும் கயிற்றுக்கும் வரி

விஸ்கியைப் பற்றி எழுத வந்தவன் வரியைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். போதைக்கும் வரிக்கும் உள்ள உறவு கள்ளுக்கும் பானைக்கும் உள்ள உறவு மாதிரி. ஒன்றில்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பழைய திருவிதாங்கூரில் பனையேறி மேலே ஏறும் ஏணிக்கு வரி, அதற்கு ஏணிக்காணம் என்று பெயர். காலில் மாட்டும் தளைக் கயிற்றுக்கு வரி, அது தளைக்காணம். தலைக்கும் தனியாக வரி இருந்தது. அதே சமயம், அதே கஜானாவிலிருந்து ஊட்டுபுரைகளில் பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு நடந்தது. எங்கள் கரமனை அக்ரகாரங்கள் ஆற்றங்கரையில் வரிசை வரிசையாக எழுந்து நின்றதற்கு அந்த அரசின் ஆதரவு பெரிய காரணம். ஓட்டு வீடு, கோலம், சத்யவாகீஸ்வரர் கோயில், ஆற்றுக் குளியல் என்று நாங்கள் ஊர்ப் பெருமை பேசும்போது இந்த இன்னொரு பக்கத்தைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் 'கள்' என்ற சொல்லே வாயில் வராது. ஆனால் அந்தக் கள்ளைச் சுற்றி வசூலான காசும் ஊட்டுபுரை இலைக்கு வந்த சோறும் ஒரே கஜானா வழியாகத்தான் போய் வந்தன.

பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் மாரை மறைத்து உடுத்த முடியாதிருந்த காலம் அது. மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்களாவது குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டதும் மன்றோதான். அரசவை அதை முழுதாக ஏற்கவில்லை. தோள்சீலைச் சண்டை 1859 வரை நீண்டது. ஆக, இந்த மனிதரைக் கொடுமைக்கார வெள்ளைக்காரன் என்று ஒரே வரியில் ஒதுக்க முடியாது. புண்ணியவான் என்று மாலை போடவும் முடியாது. கம்பெனிக்குச் சேர வேண்டிய கப்ப பாக்கியைக் கறாராக அடைத்தவரும் அவர்தானே.

குருட்டு கேப்டனின் வடிசாலை

இப்போது கப்பலேறி ஆல்னெஸ்ஸுக்குப் போவோம். மூத்த அண்ணன் ஹ்யூ மன்றோவும் பட்டாளத்துக்காரர்தான். 1794-இல் ஹாலந்தில் நைமேகன் முற்றுகையில் குண்டடிபட்டு இரண்டு கண்களும் போயின. ஊருக்குத் திரும்பி எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டார். 1817-இல் டீனினிக் வடிசாலையை ஆரம்பித்தார். தம்பி அப்போது திருவனந்தபுரத்தில் ரெசிடென்ட்.

அந்தக் காலத்து ஹைலண்ட்ஸைக் கள்ளச்சாராயப் பிரதேசம் என்றே சொல்லலாம். வரி அதிகம், அதனால் மலை இடுக்கில் எல்லாம் திருட்டு அடுப்பு. 1823-இல் புது எக்சைஸ் சட்டம் வந்து வரியைப் பாதிக்கும் கீழே குறைத்து, வருடத்துக்கு 10 பவுண்ட் லைசென்ஸ் என்று வைத்தது. அதற்குப் பிறகுதான் சட்டப்படியான வடிசாலைகள் மூச்சு விட்டன. இன்று நாம் 'ஸ்காட்ச்' என்று பெருமையாகச் சொல்லும் தொழில் உண்மையில் ஒரு வரிக் குறைப்பின் பிள்ளை. நம் ஊர்ச் சாராயத்துக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1996-இல் கேரளத்தில் அதை ஒரேயடியாகத் தடை செய்தார்கள்.

இந்தியாவிலிருந்து திரும்பிய தம்பி ஜான், 1830 வாக்கில் அண்ணனிடமிருந்து எஸ்டேட்டை வடிசாலையோடு வாங்கிக்கொண்டார். 1850-இல் வடிசாலையைக் குத்தகைக்கு விட்டார். 1858-இல் இறந்தார், கம்பெனி ஆட்சியும் அதே வருடம்தான் முடிந்தது. பிற்பாடு ஆல்ஃப்ரெட் பர்னார்ட் என்பவர் பிரிட்டனின் வடிசாலைகளை எல்லாம் சுற்றிப் பார்த்து 1887-இல் புத்தகம் போட்டார். இன்வர்னெஸ்ஸுக்கு வடக்கே மின்விளக்கு எரியும் ஒரே வடிசாலை டீனினிக்தான் என்று எழுதினார். 1933-இல் அது பெரிய கம்பெனிகளின் கைக்குப் போனது. இப்போது டியாஜியோவிடம் இருக்கிறது.

மலை மேல் நாகப்பட்டினம்

ஆல்னெஸ்ஸுக்கு மேலே ஃபைரிஷ் என்று ஒரு குன்று. அதன் உச்சியில் கல்லால் கட்டிய வளைவுகள் வானத்தில் வரைந்த மாதிரி நிற்கும். அது நாகப்பட்டினம் கோட்டை வாசலின் நகல் என்கிறார்கள். கட்டியவர் மூன்றாவது மன்றோ: சர் ஹெக்டர் மன்றோ. 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். மறு வருடமே இதைக் கட்ட ஆரம்பித்தார். வேலை இல்லாத உள்ளூர்க் குடியானவர்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்று கட்டினாராம். கூலி நாட்கள் கூடட்டும் என்று மேலே ஏற்றிய கற்களை மறுபடி கீழே உருட்டிவிட்டு ஏற்றச் சொன்னார் என்று அங்கே ஒரு கதை உண்டு.

பக்கத்து வடிசாலை டால்மோருக்கும் கீழ்த்திசைச் சம்பந்தம் இருக்கிறது. 1839-இல் அதை ஆரம்பித்த அலெக்சாண்டர் மாத்தீசன், ஜார்டின் மாத்தீசன் கம்பெனியின் கூட்டாளி. இந்திய அபினைச் சீனாவில் விற்ற கம்பெனி அது. முதல் அபின் போர் மூண்டதும் அதே 1839-இல்தான்.

இன்னொரு வேடிக்கை. ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்டிஷ்காரர் மதராஸில் தொடங்கிய மெக்டவல் கம்பெனியை 1951-இல் விட்டல் மல்லையா வாங்கினார். அதன் முதல் வடிசாலையை 1959-இல் எங்கே கட்டினார்? கேரளத்துச் சேர்த்தலையில், அதாவது மன்றோ திவானாக இருந்த பழைய திருவிதாங்கூர் மண்ணில். 2007-இல் மகன் விஜய் மல்லையாவின் கம்பெனி 59.5 கோடி பவுண்டுக்கு ஒயிட் அண்ட் மக்காயை வாங்கியபோது டால்மோரும் கூடவே வந்தது. 2014-இல் அதை ஒரு பிலிப்பைன்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். அதே வருடம் மல்லையாவின் யுனைடெட் ஸ்பிரிட்ஸே டியாஜியோவின் கைக்குப் போனது. ஆக, சேர்த்தலையில் பிள்ளையார் சுழி போட்ட கம்பெனியும் மன்றோவின் டீனினிக்கும் இப்போது ஒரே குடையின் கீழ்.

சரி, ருசிக்கு வருவோம்

மார்க் போடும் முறை என்னுடையதல்ல. வாசனைக்கு 25, நாக்குக்கு 25, விழுங்கிய பின் நிற்பதற்கு 25, எல்லாம் சேர்ந்து வருவதற்கு 25 என்று ஜிம் மர்ரி தன் விஸ்கி பைபிளில் போடுகிற கணக்கு. அடி குண்டாக, வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். ஐஸ் கூடாது. முதலில் வெறுமே, பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு.

டீனினிக் 10 வருடம், 43 சதவீதம். மூக்கில் பச்சை வாசனை: அப்போதுதான் வெட்டிய புல், பச்சைத் தேயிலை. நாக்கில் லேசான எண்ணெய்ப் பசை, கொஞ்சம் காரம். இந்தப் புல் வாசனைக்குக் காரணம் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் அரைத்த வாற்கோதுமையைப் பெரிய தொட்டியில் ஊறவைத்து வடிப்பார்கள். இங்கே 2000-ஆம் ஆண்டு முதல் இன்னும் நைசாக அரைத்து, துணித் திரைகள் வைத்த ஃபில்டரில் பிழிகிறார்கள். சாறு தெளிவாக வருகிறது. என் மார்க் 84.

டால்மோர் 12. ஆரஞ்சுத் தோல், சாக்லேட், ஷெர்ரிப் பீப்பாயின் இனிப்பு. வந்த விருந்தாளிக்குக் கொடுக்க நல்லது. எனக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கல். 83.

மூன்றாவது கிளாஸில் பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன், 50 சதவீதம். இந்திய வாற்கோதுமையும் ஸ்காட்லாந்தின் புகை போட்ட வாற்கோதுமையும் சேர்ந்தது. பாகு வெல்லம், வறுத்த தானியம், பின்னாலிருந்து மெல்லப் புகை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் என்றால் பெங்களூர்ச் சூட்டில் 10 சதவீதத்துக்கும் மேலே போகும். அதனால் நான்கைந்து வருடத்திலேயே பழுத்துவிடும். என் மார்க் 90.

அம்ருத்தை 2004 ஆகஸ்ட் 24-இல் கிளாஸ்கோவில் ஓர் இந்திய உணவகத்தில்தான் முதன்முதலாக அறிமுகப்படுத்தினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை! அதுவரை இந்திய விஸ்கி என்றால் வெல்லப்பாகுச் சாராயம் என்ற பேச்சுதான். அந்தப் பேச்சில் உண்மையும் இருந்தது. நம் ஊர் பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் அடிச்சரக்கு அதுதான். ஆனால் ஃப்யூஷனுக்கு ஜிம் மர்ரி தன் 2010 பதிப்பில் 97 மார்க் போட்டு உலகத்தில் மூன்றாவது என்று எழுதியபோது அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். "அப்பா ஊர் எது, இங்கே நமக்கு என்ன சம்பந்தம்" என்று கேட்கிற வயது வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்கும் கரமனைக்கும் நடுவில் நான் ஏறி வந்த விமானம் மட்டும்தான் என்று அவர்கள் நினைக்கக் கூடாது. அதற்கு 200 வருடம் முன்னால், இந்த மலைநாட்டுப் பையன் ஒருவன் எங்கள் ஊருக்கு வந்து கோயில் கணக்கையும் கோர்ட்டையும் மாற்றிவிட்டுப் போனான். அதில் எங்கள் தெருவுக்குக் கிடைத்தது என்ன, பனையேறியின் குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பெருமை பேசுவது மட்டும்தான்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: டீனினிக்கில் பார்வையாளர் மையம் எதுவும் கிடையாது, வெளியிலிருந்து பார்க்கலாம். ஃபைரிஷ் குன்றைப் பிள்ளைகளோடு ஏறலாம், நல்ல ஷூ வேண்டும். மேலே போனதும் நாகப்பட்டினம் என்ற பெயரை அவர்களுக்குச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலும் கல்லடையாறும் சேரும் இடத்தில் மன்றோ துருத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். இந்த மன்றோவின் பெயர்தான் அதற்கு. ஓதம் ஏறும் நாட்களில் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. சீக்கிரம் போய்ப் பார்ப்பது நல்லது.