செட்டியார் தெருவுக்கு வந்த பிளேக்

1896-இல் பம்பாயில் பிளேக் வெடித்த பிறகு, இந்தியத் துணைக்கண்டத்தின் துறைமுகங்கள் பலவும் ஒவ்வொன்றாக அதற்கு இரையாயின. கொழும்போ ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் தப்பித்து நின்றது. பம்பாயிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கப்பல்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்த ஊர் அது. 1914 ஜனவரியில் அந்த நல்லகாலம் முடிந்தது.

நோய் முதலில் தலைகாட்டிய இடம் புறக்கோட்டை வட்டாரம். கடற்கரையை ஒட்டிய செட்டியார் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளும் அரிசிக் கிட்டங்கிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்தது. மூட்டைகள் துறைமுகத்தில் இறங்கி, மாட்டுவண்டிகளில் ஏறி, இந்தக் கிட்டங்கிகளில் அடுக்கப்பட்டன. மேலே கணக்குப்பிள்ளைகளும் வேலையாட்களும் உறங்க, கீழே அரிசி மூட்டைகளுக்கு நடுவே எலிகள் குடும்பம் நடத்தின.

மருத்துவர்களைக் குழப்பியது நோயின் முகம். பிளேக் என்றால் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும் என்பதே எல்லோரும் அறிந்த அடையாளம். கொழும்பின் தொடக்கக் கட்ட நோயாளிகள் பலருக்கு நெறியே கட்டவில்லை. கிருமி நேரே இரத்தத்தில் பெருகி ஆளைச் சாய்த்தது. பார்வைக்கு அது ஏதோ ஒரு கடுங்காய்ச்சல். வீட்டார் மறைக்காவிட்டாலும் நோய் தன்னைத் தானே மறைத்துக்கொண்டது எனலாம். ஆகவே இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது, கினிப்பன்றிக்கு ஊசி போட்டுப் பார்ப்பது ஆகிய ஆய்வுக்கூட வேலைகளே நோய்க் கண்காணிப்பின் முதுகெலும்பாயின. அப்போது கொழும்பில் இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி இந்த இரத்தவகைப் பிளேக்கைப் பற்றி எழுதினார். மாநகர சுகாதார அதிகாரி மார்ஷல் பிலிப்பும் மாநகர நுண்ணுயிரியலாளர் லெனர்ட் ஃபேபியன் ஹிர்ஸ்டும் 1914 முதல் 1916 வரையிலான தாக்குதலை ஒன்றாக ஆராய்ந்து 1917-இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு மாநகராட்சியின் அன்றாடப் பதிவுகள் உலக அறிவியலுக்குள் நுழைந்த கதை அங்கே தொடங்குகிறது.

அந்தக் காலத்து நோய்த்தடுப்பு பெரும்பாலும் மனிதர்களையே துரத்தியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்கள் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் இருந்த முகாம்களில் சில நாட்கள் நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, அதன்பிறகே கடல் தாண்ட விடப்பட்டார்கள். மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாகக் காத்துக்கிடந்த அந்த மக்களே நோயைச் சுமந்து வருகிறார்கள் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. அம்மைக்கும் வாந்திபேதிக்கும் அந்தக் காவல் பொருந்தியிருக்கலாம். பிளேக்கோ அவர்களோடு வரவில்லை. தானியத்தோடு வந்து, முகாம் எதுவும் இல்லாத துறைமுக வாசலில் இறங்கியது. இந்த உண்மையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஏழையின் உடம்பைச் சோதிக்க இருந்த ஏற்பாட்டில் பாதிகூட வணிகச் சரக்கைச் சோதிக்க இல்லை.

பிளேக்கை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று பால் லூயி சிமோன் 1898-இல் கராச்சியில் சோதித்துச் சொன்னபோது நம்பியவர்கள் சிலரே. 1905-இல் பம்பாயில் பணி தொடங்கிய ஆய்வுக்குழு அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. ஆனால் எல்லா எலித்தெள்ளும் ஒன்றல்ல என்பது அப்போது தெளிவாகவில்லை. சினோப்சில்லா ஆஸ்டியா என்ற இனத்தை ராத்ஸ்சைல்டு 1911-இல்தான் பிரித்துக் காட்டினார். அதுவரை அது சினோப்சில்லா சியோப்பிஸ் என்ற இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது.

ஹிர்ஸ்ட் கொழும்பு எலிகளைச் சீவி, தெள்ளுகளைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்தார். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள அந்தப் பூச்சிகளை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. காரத்தில் ஊறவைத்து, உடல் கண்ணாடிபோல் தெளிந்த பிறகு, பெண் தெள்ளின் வயிற்றிலுள்ள விந்துப்பையின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எலிக்குப் பின் எலியாக, தெள்ளுக்குப் பின் தெள்ளாகச் செய்ய வேண்டிய, பொறுமையைச் சோதிக்கும் வேலை. கொழும்பில் தமக்குக் கிடைப்பது ஆஸ்டியா என்று அவர் பிளேக் வருவதற்குமுன் 1913-இலேயே கண்டிருந்தார். நோய் வந்தபிறகு தேடியபோது, கிட்டங்கிகள் இருந்த பகுதியில் சியோப்பிஸ் தென்பட்டது. தானியச் சரக்கோடு வந்த தெள்ளு, தானியம் இருந்த இடத்திலேயே குடியேறியிருந்தது. நோயின் வரைபடமும் அந்தத் தெள்ளின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின.

அதே 1914-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பேக்கட்டும் மார்ட்டினும் தெள்ளு எப்படி நோயைச் செலுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் வாசலில் கிருமிகள் கட்டியாகத் திரண்டு அடைத்துக்கொள்கின்றன. பசி தாளாத தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் உள்ளே போக வழியில்லாமல் கிருமியோடு சேர்ந்து கடிவாய்க்கே திரும்புகிறது. ஹிர்ஸ்ட் பின்னர் செய்த சோதனைகளில், ஆஸ்டியா இந்த வேலைக்குச் சியோப்பிஸ் அளவுக்கு ஏற்றதல்ல என்று புலப்பட்டது. பம்பாயைச் சூறையாடிய நோய் கொழும்பின் மற்றப் பகுதிகளில் அந்த வேகத்தில் பரவாததற்கு இது பெரியதொரு காரணம்.

இந்த விடை சென்னைக்கும் பயன்பட்டது. பெரிய துறைமுகமும் நெரிசலான குடியிருப்புகளும் இருந்தும் சென்னை நகரம் பிளேக்கின் கொடுமையிலிருந்து பெரிதும் தப்பியது ஏன் என்பது நெடுநாள் புதிர். இந்திய எலித்தெள்ளுகளின் பரவலை ஆராய்ந்த கிராக், 1921-இல் அதே காரணத்தை முன்வைத்தார். சென்னை எலிகளில் மிகுந்திருந்தது ஆஸ்டியா. கிண்டி கிங் நிறுவனத்தின் கிங்கும் சி. ஜி. பண்டிட்டும் சென்னை மாகாணம் முழுவதும் எலித்தெள்ளுக் கணக்கெடுப்பு நடத்தி 1931-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிளேக் மீண்டும் மீண்டும் தலையெடுத்த கோயம்புத்தூர், சேலம், கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே சியோப்பிஸ் வாழ்ந்தது. கோயம்புத்தூரில் அந்த நாட்களின் பயம் பிளேக் மாரியம்மன் கோயில்களாக இன்றும் நிற்கிறது.

இவற்றால் கண்காணிப்பின் முறையே மாறியது. செத்த மனிதர்களை எண்ணிக்கொண்டிருந்த சுகாதாரத்துறை, உயிருள்ள எலியின்மேல் சராசரியாக எத்தனை சியோப்பிஸ் உள்ளன என்று எண்ணத் தொடங்கியது. அந்த எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் அபாயம் என்பது நடைமுறை அளவுகோலாயிற்று. நோய் வருமுன்பே ஒரு தெருவின் ஆபத்தைக் கணிக்க முடிந்தது. எலி நுழையாத தானியக்கூடங்களைக் கட்டுவதும், துறைமுகத்தில் சரக்கைக் கவனிப்பதும், ஊரெல்லாம் சுண்ணாம்பு அடிப்பதைவிடப் பலன் தரும் வேலைகள் என்று காட்டவும் அந்த எண் உதவியது.

ஹிர்ஸ்ட் தம் வாழ்நாள் ஆய்வைத் திரட்டி 1953-இல் பிளேக்கை மனிதகுலம் வென்ற வரலாறாக நூல் எழுதினார். கொழும்பு மாநகர ஆய்வுக்கூடத்தில் எலிகளைச் சீவித் தெள்ளு பொறுக்கிய உதவியாளர்களின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் நிரப்பிய பதிவேடுகள் இல்லாமல் அந்த நூலின் கொழும்பு அத்தியாயம் எழுதப்பட்டிருக்காது.