அலகு மாறிய பேனாக்கத்தி

ஆத்தங்குடியில் வார்க்கும் தரைப்பலகையைக் ‘கல்’ என்றுதான் சொல்கிறார்கள், பூப்போட்டது ‘பூக்கல்’. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் சரக்கு அது. பாறையிலிருந்து பெயர்த்த கல் அதில் ஒன்றுமில்லை. எதனால் ஆனது என்று பார்த்து வைத்த பெயரில்லை. தரையில் கல் கிடந்த இடத்தில் கிடந்து, கல் செய்த வேலையைச் செய்வதால் ஒட்டிக்கொண்ட பெயர். சொற்கள் இப்படி நடந்துகொள்ளும் என்று ஏற்றுக்கொண்டால், செட்டிநாட்டு வீட்டு அலமாரிகளில் இன்றும் அகப்படக்கூடிய ஒரு சின்னப் பொருளைப் பற்றிய வழக்கைத் தீர்க்க வழி கிடைக்கிறது. வழக்கு இது: வீட்டுப் பெரியவரான ஐயா வைத்திருந்த பேனாக்கத்தியின் அலகு ஒடிந்துவிட்டது. புது அலகு போட்டால் அது ஐயாவின் கத்தியா, வேறு கத்தியா? தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸில் தர்க்கம் நடந்ததைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தர்க்கம் இன்னும் முடியவில்லை. தத்துவத்தை விட்டுவிட்டுச் சொல்லின் வரலாற்றைக் கேட்டால் ஓரளவு தெளிவான விடை வருகிறது என்பது என் கட்சி.

முதல் சாட்சி பெயர்களே. இந்தக் கத்தியை மடக்குக்கத்தி என்கிறோம். பெயர் மூட்டைச் சுட்டுகிறது. ஈழத்தில் வில்லுக்கத்தி என்பார்கள். அங்கே முதுகிலுள்ள வில் பெயராகியிருக்கிறது. பேனாக்கத்தி என்பதில் அது செய்த வேலை நிற்கிறது. மூன்றிலும் அலகைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்றக் கத்திகளோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு விசேஷம் என்று தெரியும். பிச்சுவா என்ற பெயர் தேளைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. தேள் கொடுக்குப்போல வளைந்த அலகுதான் பெயருக்குக் காரணம். மடங்கும் கத்திக்கு இப்படி அலகின் வடிவை வைத்துப் பெயர் சூட்டத் தமிழில் யாருக்கும் தோன்றவில்லை. ஜெர்மன் மொழியிலும் கதை இதுதான்: ‘ஃபெடர்மெஸர்’ என்றால் இறகுக்கத்தி, ‘டாஷன்மெஸர்’ என்றால் பைக்கத்தி. ஒன்று வேலை, மற்றது வைக்கும் இடம்.

பேனா என்ற பாதி போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் ‘பேனா’ பறவையின் இறகு. இறகை வைத்து எழுதியதால் எழுதுகோலுக்கும் அதுவே பெயர். அலமாரி, சாவி, சன்னல், மேசை வந்த அதே கப்பலில் வந்து, நம்மிடம் எழுதுகோலாக மட்டும் தங்கிவிட்டது. இறகு என்ற பொருள் கடலிலேயே போய்விட்டதால்தான் பிற்காலத்தில் ‘இறகுப் பேனா’ என்று கூசாமல் சொல்ல முடிந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது ‘இறகு இறகு’. வாத்திறகின் நுனி எழுத எழுதத் தேய்ந்து பிளந்துபோகும். அதைச் சீவ ஒரு சிறு கத்தி எப்போதும் கையருகே வேண்டும். ஆங்கிலத்தில் அது பென்நைஃப். தமிழ் அதன் முதல்பாதிக்குத் தன்னிடம் ஏற்கெனவே குடியேறியிருந்த பேனாவையும், பின்பாதிக்குக் கத்தியையும் போட்டுப் பேனாக்கத்தி ஆக்கிக்கொண்டது. ஆனால் 1820களிலிருந்தே பர்மிங்காம் பட்டறைகள் எஃகு நிப்புகளை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளத் தொடங்கிவிட்டன. எஃகு நிப்பைக் கத்தியால் சீவ முடியாது, சீவ வேண்டியதும் இல்லை. பேனாக்கத்திக்குப் பெயர் கொடுத்த வேலை அத்தோடு ஓய்ந்தது. பெயர் ஓயவில்லை. கத்தி பென்சில் சீவியது, மாங்காய் நறுக்கியது, சாக்குத் தையலைப் பிரித்தது, நகம் வெட்டியது. எல்லாவற்றுக்கும் அது பேனாக்கத்தியாகவே இருந்தது. பேனாவை ஒருநாளும் தொடாத பேனாக்கத்திகள்தாம் நம்மிடையே மிகுதி.

இங்கே ஒரு தடை எழும். பேனாக்கத்தி வெள்ளைக்காரன் பொருள், ஷெஃபீல்டிலோ சோலிங்கனிலோ செய்து இறக்குமதியானது. அதன் பெயரை வைத்துத் தமிழ் மனம் எப்படிப் பார்த்தது என்று சொல்வது பொருந்துமா? இறக்குமதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வந்து உட்கார்ந்த இடம் காலியாக இல்லை. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் இளமைக்காலத்து எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். குண்டெழுத்தாணி உண்டு. வாரெழுத்தாணி உண்டு, ஓலையை வாருவதற்கான கத்தி அதன் மேற்புறத்திலேயே இருந்ததால் அந்தப் பெயர். மூன்றாவது மடக்கெழுத்தாணி. மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக்கொம்பாலோ ஆன பிடி, உள்ளே கூடு, கூட்டின் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் பொருத்தி, இரண்டையும் உள்ளே மடக்கிக்கொள்ளலாம். இரட்டை அலகுப் பேனாக்கத்தியை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. எழுதும் பொருளைச் சீர்செய்ய, எழுதுபவன் கூடவே வைத்திருக்கும், மடங்கும் கத்தி. அங்கே இறகு, இங்கே பனையோலை. கணக்கையும் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தையும் ஓலையில் எழுதிய நகரத்தார் ஊர்களில் ஓலை வாரும் கத்தி இல்லாமல் எழுத்து வேலையே நடந்திருக்காது. ஒன்று மற்றொன்றுக்குப் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. பொருளுக்குப் பொருள் வம்சத் தொடர்பு காட்டச் சான்று கிடையாது. ஒரே வேலையை இரண்டு நாடுகளில் செய்த இரண்டு பொருள்களில் ஒன்று போன இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்தது, அவ்வளவே. தரையில் கல்லின் இடத்தில் பூக்கல் அமர்ந்ததும் அப்படித்தான்.

மடக்கெழுத்தாணி என்ற பெயரை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அதில் பாதி கத்தி. ஆனால் பெயரில் கத்திக்குப் பங்கில்லை; எழுத்தாணியே முழுப்பொருளுக்கும் தலைமை தாங்குகிறது. கத்தி அங்கே ஓர் உறுப்பு, துணைக்கு வந்தது. பேனாக்கத்தியில் தலைகீழாகிறது: உறுப்பாக இருந்தது முழுப்பொருளின் பெயராகிவிட்டது, எழுதுகோல் அடைமொழியாக ஒதுங்கிவிட்டது. இதை வைத்துத்தான் வலுவான மறுப்பைச் சந்திக்க வேண்டும். மறுப்பு இதுதான்: அலகு என்பது புத்தகச் சொல், பேச்சில் அலகைக் கத்தி என்றுதான் சொல்கிறோம். “பிடி நல்லாத்தான் இருக்கு, கத்திதான் போச்சு” என்பார்கள். அலகு என்ற சொல்லை நம் மக்கள் அன்றாடம் கேட்பது பறவை மூக்கைப் பற்றியோ, காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா போன்றவற்றில் அலகு குத்துவதைப் பற்றியோதான். அலகுக்குப் பெயரே கத்தி என்றால், அலகு போனால் கத்தி போனதாகத்தானே அர்த்தம்? தமிழே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல இருக்கிறது. ஆனால் அதே பேச்சு வழக்கில் அடுத்த வாக்கியம் என்ன என்று கவனிக்க வேண்டும். “வேற கத்தி வாங்கணும்” என்பதும் உண்டு, “இதுக்கு வேற கத்தி போடணும்” என்பதும் உண்டு. இரண்டாவது வாக்கியத்தில் ‘இது’ எது? கத்தி கழன்றபின்னும் எஞ்சி நின்று, புதுக் கத்தியை ஏற்றுக்கொள்ளும் ஒன்று. பிடியும் வில்லும் மூட்டும் சேர்ந்த அந்தக் கூட்டைத்தான் பேசுபவர் பொருளாகக் கொள்கிறார். மடக்கெழுத்தாணியின் கூட்டில் கத்தி ஓர் உறுப்பாக இருந்த நிலைக்கு, பெயர் மாறியபின்னும், நம் பேச்சு அவ்வப்போது திரும்பிப் போகிறது.

இந்த வாதத்தை எல்லாக் கத்திக்கும் நீட்ட முடியாது. நீட்டினால் சிவகங்கை மாவட்டத்திலேயே உடைந்துவிடும். திருப்பாச்சேத்தி அரிவாளை எடுத்துக்கொள்வோம். பெயர் அலகை அடித்த ஊரின் பெயர். மரக்காம்பு வெடித்தால் வேறு காம்பு போடுகிறார்கள். மூன்றாவது காம்பு போட்ட அரிவாளும் அதே அரிவாள்தான். அலகு உடைந்தாலோ அரிவாள் முடிந்தது, காம்பை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. அப்படியானால் அடையாளம் அலகிலா பிடியிலா என்பது கத்தி என்ற இனத்துக்கே பொதுவான சட்டமல்ல. எதில் உழைப்பும் நுட்பமும் கூடியிருக்கிறதோ அதில் பெயர் போய் ஒட்டுகிறது. அரிவாளில் கொல்லனின் திறமை முழுவதும் அலகில். காம்பு கடையில் கிடைக்கும் கட்டை. மடக்குக்கத்தியில் நுட்பம் பிடிக்குள். அங்கே அலகு வாடகைக்கு இருப்பது.

அலகு மாற்றும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் இது விளங்கும். பிடியின் இருபுறமும் கொம்பு அல்லது எலும்புத் தகடு. உள்ளே பித்தளையோ இரும்போ தகடு. முதுகில் எஃகு வில். எல்லாவற்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தறையாணிகள். ஆணித் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டினால் அலகு கழன்றுவிடும். கழற்றுவது சுலபம். புது அலகின் அடிப்பாகத்தில்தான் வேலையெல்லாம். அங்கே ஆணித் துளை சற்று மேலோ கீழோ விழுந்தால் திறந்த அலகு ஆடும். அல்லது மூடினால் நுனி பிடிக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு வேட்டியைக் கிழிக்கும். வில் தொடும் அந்த அடியின் மூலைகளை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, திறந்தால் நிமிர்ந்தும் மூடினால் படிந்தும் நிற்கும்படி செய்ய வேண்டும். புது அலகுக்கான இரும்புக்குப் பழைய அரம் நல்லது. கரி நிறைந்த எஃகு. அதைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மெத்தென்றாகி அறுக்கவும் துளையிடவும் இடம்கொடுக்கும். வடிவம் வந்தபின் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் கொடுக்கிறார்கள். அப்போது கண்ணாடிபோல ஒடியும் தன்மை வந்துவிடும். ஆகவே மேலே மினுக்கித் துடைத்து, மறுபடி இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் படரும்வரை காட்டி நிறுத்த வேண்டும். நீலம் ஏறவிட்டால் பேனாக்கத்திக்கு வேண்டிய கூர் நிற்காது. இத்தனையும் பிடியை ஓரமாக வைத்துவிட்டுத்தான். கொம்பு தணலைக் கண்டால் கருகி நாறும். பழைய பிடி கட்டளை போடுகிறது, புது அலகு அதற்கேற்பத் தேய்கிறது. எது எதற்குச் சொந்தம் என்று பட்டறையில் யாரும் கேட்பதில்லை. அளவு எடுப்பது எதிலிருந்து என்று பார்த்தாலே போதும்.

உணர்ச்சி சார்ந்த மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பல ஆண்டு சாணை பிடித்ததில் ஒல்லியாகிப்போன அலகில்தான் உடையவரின் கைப்பழக்கம் பதிந்திருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் சாணை பிடிப்பது என்றாலே எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூசியாக்குவது. ஒவ்வொரு முறையும் அலகின் ஒரு பங்கு போய்க்கொண்டேதான் இருந்தது. போனால் போகட்டும் என்று ஏற்றுக்கொண்டவர் ஐயாவேதான். கட்டைவிரல் பட்டு வழுவழுப்பாகி, மஞ்சள் பாரித்த பிடியோ சாணைக்குப் போவதில்லை. அவர் கை பட்ட இடம் அதிகம் எஞ்சியிருப்பது அங்கேதான்.

என்னால் பதில் சொல்ல முடியாத ஒரே சாட்சி, செய்தவன் முத்திரை. ஐரோப்பியக் கத்திகளில் பட்டறையின் பெயரைப் பெரும்பாலும் அலகின் அடியில்தான் பொறிப்பார்கள். அலகை மாற்றினால் அந்தப் பெயர் போய்விடும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் விலையைக் குறைப்பதும் அதனால்தான். செய்தவன் கணக்கில் கத்தி என்பது அலகு, அதில் சந்தேகமில்லை. மடக்கு, வில்லு, பேனா என்று தமிழில் நாம் வைத்த பெயர்களெல்லாம் வாங்கிப் பயன்படுத்தியவனின் கணக்கு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போக வேண்டிய கத்தி என்றால் ஒடிந்த அலகோடு அப்படியே விட்டுவிடுவது நல்லது. வீட்டில் இருக்கப்போகும் கத்தி என்றால் புது அலகு போடலாம். முத்திரையுள்ள பழைய துண்டைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அது பட்டறையின் பழைய இரும்போடு எடைக்குப் போய்விடும்.