டெலிபோன் டைரக்டரியில் ஒரு பெயர்

1966-க்குப் பிறகு அப்பாவின் வேஷ்டி மஞ்சள் பைக்குள் போய்விட்டது. பம்பாய் மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குப் போவதென்றாலும் பேண்ட் போட்டுக்கொண்டுதான் மாடியிறங்குவார், கக்கத்தில் அந்தப் பை. கோயிலுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு உள்ளே போவார். கும்பிட்டு முடித்ததும் மறுபடி பேண்ட். நாங்கள் இருந்த பாவ்தாஜி ரோட்டிலிருந்து அது பத்து நிமிஷ நடைகூட இல்லை.

இருபத்தோரு வருஷம் கழித்து, அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில், என் மனைவி காலையில் கிளம்பும்போது நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி நெற்றிக்கு. வாரக் கடைசியில் கண்ணாடியில் நாலைந்து பொட்டு பசை போய் வரிசையாக நிற்கும். அமெரிக்காவா இந்தியாவா, எது பத்திரமான ஊர் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பையும் இந்தக் கண்ணாடியும்தான்.

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருப்பதே ஒரு கொள்ளைநோயின் விளைவு. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து, நெரிசலைக் குறைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்து, வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கமெல்லாம் மனை போட்டார்கள். அந்த அகலமான தெருக்களில் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் குடியேறினார்கள். 1932-இல் பள்ளிக்கூடத்துக்காக தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1942-இல் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங் என்று ஒவ்வொன்றாக வந்தன. வடாலா, கோலிவாடா, தாராவி பக்கம் வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் வேறு கதை. அவர்களுக்கு டிரஸ்ட் மனை எதுவும் போடவில்லை.

1960-இல் ‘மார்மிக்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கிய பால் தாக்கரே, அதில் பட்டியல் போட ஆரம்பித்தார். பம்பாய் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பெரிய நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தென்னிந்தியப் பெயர்களாக அடுக்கினார். பெயர்களைப் பொறுக்கியது டெலிபோன் டைரக்டரியிலிருந்து. 1966 ஜூன் 19-இல் அவருடைய சிவசேனா கட்சி பிறந்தது. ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ (ஊது புங்கியை, விரட்டு லுங்கியை) என்ற கோஷம் தெருவுக்கு வந்தது, உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. அப்பா வெறும் குமாஸ்தா, எங்கள் வீட்டில் போனும் கிடையாது. அதனால் எந்தப் பட்டியலிலும் நாங்கள் இல்லை. ஆனால் கல்லெறிகிறவன் டைரக்டரியைப் பார்த்துக்கொண்டா எறிகிறான்?

நான் 1986-இல் ஜெர்சி சிட்டிக்குப் போனேன். அடுத்த வருஷக் கோடையில் உள்ளூர்ப் பத்திரிகையான ‘ஜெர்சி ஜர்னல்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர்கள் தங்களை ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று சொல்லிக்கொண்டார்கள். டாட் என்பது நம் பெண்களின் நெற்றிப் பொட்டு. இந்தியர்களை ஊரைவிட்டு விரட்டுவோம், தெருவில் கண்டால் அடிப்போம், போன் புத்தகத்தில் படேல் என்ற பெயரைத் தேடி வீட்டுக்கே வருவோம் என்பது அதன் சாரம். செப்டம்பர் கடைசியில், பக்கத்து ஊரான ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற பார்சி இளைஞரை ஒரு கும்பல் அடித்துப்போட்டது. சில நாளில் அவர் இறந்தார். அவர் மதத்தில் பொட்டே கிடையாது. அடித்தவர்களுக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. அதே வாரத்தில் ஜெர்சி சிட்டியில் ஓர் இந்திய மருத்துவர் தாக்கப்பட்டுக் கோமாவில் கிடந்தார்.

பட்டியல் போட்டவர்களின் புத்தி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது, இரண்டு ஊரிலும் டைரக்டரியைத்தான் புரட்டியிருக்கிறது. பிறகு நடந்ததில்தான் வித்தியாசம். மோடி வழக்கில் கொலைக் குற்றம் நிற்கவில்லை, தாக்குதல் குற்றத்துக்குத்தான் தண்டனை. ஆனால் இந்தியக் குடும்பங்கள் ஊர்வலம் போயின, கல்லூரிப் பிள்ளைகள் சங்கம் வைத்தார்கள், 1990-இல் நியூஜெர்சி இன வெறுப்புக் குற்றத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. பம்பாயில் கல்லெறிந்த கட்சி மாநகராட்சியைப் பிடித்தது, பிறகு மாநிலத்தையே ஆண்டது. எங்கள் ஆட்களும் போகப் போக அதற்கு ஓட்டுப் போட்டார்கள். தாராவியில் தமிழ் பேசும் சிவசைனிக்கைக் கண்டால் இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பம்பாயில் பத்திரம் என்பது பல நேரம் அடித்தவனோடு ராசியாகிப்போவதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது.

கணக்குக்கு வருவோம். 2022-இல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. லட்சம் பேருக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அதே வருஷம் லட்சத்துக்கு ஆறுக்கும் மேல். கொலையை மறைப்பது கஷ்டம், அதனால் இந்த எண்ணை ஓரளவு நம்பலாம். மற்றதை ஒப்பிடுவது வீண் வேலை. சில வருஷம் முன்பு மும்பையில் ஓடும் பஸ்ஸில் என் போனை அடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், திருட்டு என்று எழுத வேண்டாம், ‘காணாமல் போனது’ என்று எழுதிக் கொடுங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று பரிவோடுதான் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டின் குற்றக் கணக்கில் ஒரு திருட்டு குறைந்தது. நியூஜெர்சியில் நாங்கள் பிறகு குடியிருந்த எடிசனில் காரின் கண்ணாடியை உடைத்து யாரோ பையை எடுத்துக்கொண்டு போனபோது, போலீஸ் அறிக்கை இல்லாமல் இன்சூரன்ஸ் பைசா தராது என்பதால் ஒன்றுக்கு இரண்டு நகல் வாங்கினேன். அங்கே குற்றத்தைப் பதிவு செய்தால் லாபம், இங்கே பதிவு செய்தால் அலைச்சல்.

குற்றம் என்ற தலைப்பிலேயே வராத சாவுகளும் இருக்கின்றன. மும்பை புறநகர் ரயிலில், தண்டவாளத்தைக் கடக்கும்போதும் கூட்டத்தில் தொங்கி விழுந்தும், சமீப வருஷங்களில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரம் முழுவதிலும் 2023-இல் நடந்த கொலைகள் நானூறுக்கும் குறைவு. ஆனால் நியூயார்க் என்றதும் பயப்படுகிற என் சித்தி, லோக்கலில் ஒரு காலை உள்ளே ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு போகிற பேரனை நினைத்துப் பயப்படுவதில்லை. அதற்கு ‘விதி’ என்று வேறு ஒரு பீரோ வைத்திருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தாலே ஊரின் பயம் எது என்று தெரியும். எனக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது மழைப் பாடம். காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் நின்றால் ஓரமா போகாதே, நடு ரோட்டில் போ, முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில் கால் வை. எங்கேயாவது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு மூங்கில் கழி சிவப்புத் துணியோடு நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே மேன்ஹோல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கழியை நட்டவன் மாநகராட்சி ஆளாக இருக்கமாட்டான், பக்கத்துக் கடைக்காரனாக இருப்பான். 2017 ஆகஸ்ட் 29 மழையில் எல்பின்ஸ்டன் ரோடு பக்கம் அப்படி ஒரு குழியில் விழுந்து செத்தவர் ஊரறிந்த மருத்துவர். என் பேத்திக்கு ஆறு வயசு, நியூஜெர்சியில் படிக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது துப்பாக்கிப் பாடம். அந்த மாநிலப் பள்ளிகளில் மாதம் ஒரு தீயணைப்புப் பயிற்சி, மாதம் ஒரு பாதுகாப்புப் பயிற்சி என்று சட்டமே இருக்கிறது. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் எல்லோரும் மூச்சுவிடாமல் உட்கார வேண்டும். “தாத்தா, நான் தும்மவே இல்லை” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

ராத்திரியில் இரண்டு ஊரும் தலைகீழாகிவிடும். சயான் ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி முடிந்து பத்தரை மணிக்கு மேல் என் மகள் தனியாகவே எங்கள் கிங்ஸ் சர்க்கிள் வீட்டுக்கு நடந்து வருவாள். வழியில் பான் கடைக்காரன் இருக்கிறான், சைக்கிளில் இட்லி விற்கிறவன் அடுப்பை அணைத்துக்கொண்டிருப்பான், நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பம் ஒன்று கொசுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும். மாட்டுங்கா ஸ்டேஷனில் 2017 முதல் ஸ்டேஷன் மேனேஜரிலிருந்து டிக்கெட் கொடுப்பவர் வரை எல்லோரும் பெண்கள். இதெல்லாம் சேர்ந்து ஒரு காவல். ஆனால் இந்தச் சர்க்கிளிலிருந்து மூன்று கிலோமீட்டரில் கே.இ.எம். ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேதான் 1973 நவம்பரில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸை, கூட வேலை செய்தவனே நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்துச் சிதைத்தான். அவர் ஏறக்குறைய 42 வருஷம் நினைவில்லாமல் கிடந்தார். தெருவில் காவல் உண்டு, உள்ளே ஆள் இல்லாத அறைக்குக் காவல் கிடையாது.

எடிசனில் ஒன்பது மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடக்கிற ஒரே ஜீவன் நான்தான். வீட்டுக்கு வீடு புல்தரையில் அலாரக் கம்பெனியின் சின்னப் பலகை. நான் போகப் போகத் திண்ணை விளக்குகள் தானாக எரியும், ஜன்னல் திரை லேசாக அசையும். 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மேடிசன் ஊரில், மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயசு குஜராத்தி ஒருவர் காலையில் வாக்கிங் போனார். சந்தேகப்படும்படி ஒருவன் திரிகிறான் என்று யாரோ 911-க்குப் போன் செய்தார். வந்த போலீஸ்காரர் தரையில் அடித்த அடியில் பெரியவருக்குக் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கைகால் சரியாக விளங்காமல் போனது. இரண்டு முறை விசாரணை நடந்தும் ஜூரிக்குள் ஒத்துவரவில்லை, கடைசியில் நீதிபதி போலீஸ்காரரை விடுவித்துவிட்டார். அதைப் படித்த வாரம் நான் வாக்கிங் போகவில்லை.

அந்தக் கோபத்தோடு கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்தேன். எங்கள் பில்டிங் வாட்ச்மேன் சாப்பாடு கொண்டுவந்த ஒரு பையனை நிறுத்தி, “கிதர் ஜானா ஹை?” என்று அதட்டிக்கொண்டிருந்தார். பெயர், போன் நம்பர், எந்த ஃபிளாட் எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். பையன் தாராவியிலிருந்து வருகிறான், நம் பக்கத்து முகம். பின்னாலேயே இரவு பதினோரு மணிக்குப் பெட்டியோடு வந்த என்னிடம் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். எங்களுக்கு இந்த ஊர் பத்திரமாக இருப்பதன் ரகசியத்தில் பாதி அந்த நோட்டில் இருக்கிறது. மற்றவனைச் சந்தேகப்படுவதற்குத்தான் மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம்.

தாராவிக்காரர்கள் கேட் போட முடியாதவர்கள். அவர்களுக்கு ஒரு காலத்தில் வரதராஜ முதலியார் இருந்தார். வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, கள்ளச்சாராயத்தில் வளர்ந்து, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் பிரம்மாண்டமாகப் பிள்ளையார் வைத்தவர். 1980-களில் போலீஸ் நெருக்கியதும் சென்னைக்குப் போய் 1988-இல் அங்கேயே இறந்தார். குற்றவாளிதான், சந்தேகமில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஏறத் தயங்கியவன் அவர் வாசலில் போய் நின்றான். சினிமா அதைக் காவியமாக்கியது. எனக்கு அது ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொள்ள ஆளில்லாத ஊரின் கதையாகத்தான் படுகிறது.

பம்பாயில் கூட்டம்தான் காவல் என்று சொன்னேன். அதே கூட்டம் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக் கலவரத்தில் செய்ததை ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எழுதிவைத்திருக்கிறது: 900 பேர் சாவு, தாராவியும் தப்பவில்லை. தண்டனை பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2006 ஜூலை 11 சாயங்காலம் ஏழு ரயில் பெட்டிகளில் குண்டு வெடித்தபோது, அதில் ஒன்று மாட்டுங்கா ரோடு பக்கம், தண்டவாள ஓரத்துச் சேரிக்காரர்கள் படுக்கை விரிப்பை ஸ்ட்ரெச்சராக்கிக்கொண்டு ஓடியதும் அதே கூட்டம்தான். மும்பையில் நான் பயப்படுவதும் நம்புவதும் ஒரே ஆளை. அமெரிக்காவில் பயம் கூட்டத்தைக் கண்டு வராது. ஒற்றை ஆளைக் கண்டு வரும். 2017-இல் கன்சாஸில் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவைச் சுட்டவன் தனியாக பாருக்கு வந்தவன்தான். கூட்டத்தின் முகம் மாறுவதை இரண்டு நாள் முன்னாலேயே கடைக்காரனின் ஷட்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம், அந்த ஒற்றை ஆளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிங்ஸ் சர்க்கிள் மாமிகள் தாலிச் சங்கிலியை ஊக்கால் ரவிக்கையோடு குத்திக்கொண்டுதான் பூ மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். பைக்கில் வருகிறவன் இழுத்தால் சங்கிலியோடு சேர்ந்து மாமியும் விழுவாள் என்பது வேறு விஷயம். எடிசன் மாமிகளுக்கு ஊக்கு வேண்டாம், அங்கே திருடன் வீட்டுக்கே வருகிறான். 2011-க்கும் 2014-க்கும் இடையில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தியக் குடும்பங்களாகப் பார்த்து, நகைக்காகத் துப்பாக்கியோடு வீடு புகுந்த ஒரு கும்பல் பிடிபட்டது. தலைவிக்கு 37 வருஷச் சிறை. வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தியக் குடும்பம் இருக்கிற வீட்டு முகவரிகளைப் பட்டியல் போட்டுத்தான்.

1987-இல் அந்தக் கடிதம் வந்த வாரமே நான் போன் கம்பெனிக்கு எழுதி, டைரக்டரியில் எங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு மாதா மாதம் தனிக் கட்டணம். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அங்கே அப்பா பெயரையே கடைசிப் பெயராக எழுதிக்கொடுத்திருந்தேன். ஆக, புத்தகத்திலிருந்து எடுக்கச் சொன்னது அப்பாவின் பெயரை.

பம்பாயில் பல வருஷம் காத்திருந்து வீட்டுக்குப் போன் வந்த பிறகு, புது டைரக்டரி வந்ததும் தன் பெயரைத் தேடி அடியில் பென்சிலால் கோடு போட்டவர் அவர். நான் பெயரை எடுக்கச் சொன்னதற்கு அடுத்த வருஷம், எனக்கு எழுதிய கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்: “அங்க டைரக்டரியில என் பேர்தானே போட்டிருப்பா? எந்தப் பக்கம்னு எழுது.” 312 என்று எழுதிப் போட்டேன்.