பாலூட்டும் தாயும் நூற்புழு மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

கீரிப்பூச்சி என மக்கள் வழங்கும் நூற்புழு குடும்பம் முழுவதையும் பற்றும் இயல்பினது. வீட்டில் கைக்குழந்தை இருப்பின், மருந்து யாருக்கு என்னும் வினா எழுகிறது. குழந்தை மருத்துவத்தில் இவ்வினா மிகப் பழமையானது.

சரக சங்கிதை கிருமிகளை 20 வகையாகப் பகுக்கிறது. மலத்தில் தோன்றுபவை மலவாயை அடைந்து அரிப்பை விளைவிக்கும் என்னும் அதன் குறிப்பு நூற்புழுவுக்குப் பெரிதும் பொருந்துவதாகும். புழுவை வெளியேற்றல், அது வளரும் சூழலை அழித்தல், காரணத்தை விலக்கல் என மூவகை மருத்துவத்தை அந்நூல் வகுக்கிறது. பாலும் சோறும் உண்ணும் குழந்தை நோயுற்றால் குழந்தைக்கும் பாலூட்டுபவளுக்கும் மருந்து தருமாறும், சோறு மட்டும் உண்ணும் குழந்தையாயின் குழந்தைக்கு மட்டும் தருமாறும் சுசுருத சங்கிதை கூறுகிறது. தாய்ப்பால் மருந்து செல்லும் வழியாகக் கருதப்பட்டமை இதனால் புலனாகும்.

பிற்கால அறிவியல் நோக்கு வேறு. பெண்புழு இரவில் மலவாய்ப்புறத்தே முட்டையிடுகிறது. முட்டைகள் நகக்கண், படுக்கைத்துணி ஆகியவற்றின் வழியே பரவுகின்றன. தாய்ப்பாலின் வழியே அல்ல. 1970களில் வழக்கிற்கு வந்த மெபெண்டசோல் புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையை அழிப்பதில்லை. ஆதலின் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் உண்டு, 2 வாரங்களுக்குப்பின் மீண்டும் உண்பது வழக்கமாயிற்று. அம்மருந்து பாலில் மிகச் சிறிதளவே கலப்பதால் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. எனினும் தாய் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மருந்தின்றி, 6 வாரத் தூய்மை முறையே பரிந்துரைக்கப்படுகிறது.

பண்டையோர் பாலின்வழி மருந்து செல்லவேண்டும் என்றனர். இன்றையோர் அது மிகாதிருக்க வேண்டும் என்கின்றனர். சரகர் காரணமெனக் கண்டது உணவும் ஒழுக்கமும். இன்று அறியப்படுவது முட்டை. ஆயினும் காரணத்தை விலக்காத மருத்துவம் நிறைவுறாது என்னும் அவர் நெறி, நகம் வெட்டுதலிலும் கை கழுவுதலிலும் இன்றும் நிலைபெற்றுள்ளது எனலாம்.