நாடாவில் உறங்கும் குரல்கள்

திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1962 முதல் 1967 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார். அவருடைய உரைகளை ஒலிப்பதிவு செய்து பாதுகாக்க அரசு நிறுவனங்கள் இருந்தன. அதே ஊரின் தெருக்களில் வாழ்ந்து மறைந்த எளிய மனிதர்களின் குரலைக் காக்க எந்த நிறுவனமும் இருந்ததில்லை. அந்தக் குரல் எங்கேனும் எஞ்சியிருந்தால், அது வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் ஒரு வீடியோ கேசட்டில்தான் இருக்கும்.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். முறையை அறிமுகப்படுத்தியது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அந்த ஆண்டுகளில்தான் நம் சமுதாயத்து இளைஞர்கள் பெருமளவில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். விடுமுறையில் திரும்பியவர்களின் பெட்டிகளில் டேப்ரெக்கார்டரும், வசதி வாய்த்தவர்களிடம் வி.சி.ஆரும் வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் கடைகளாகத் தொடங்கிய சென்னை பர்மா பஜாரிலும் அவை விலைக்குக் கிடைத்தன.

பிறகு நிக்காஹ் வீடுகளுக்கு வீடியோ வந்தது. தோளில் கேமரா சுமந்த ஒருவரும், கண்ணைக் கூசவைக்கும் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் உதவியாளரும் பந்தலுக்குள் நுழைந்தனர். உருவப் பதிவு கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததால் வீடியோவை அனுமதிக்காத குடும்பங்களும் உண்டு. அவ்வீடுகளில் பெரியவர்களின் பயானும், பயணம் போன மகனுக்கு உம்மா பேசி அனுப்பிய செய்தியும் ஒலி நாடாவில் தங்கின. காந்த நாடாவைப் பொறுத்தவரை இரண்டின் விதியும் ஒன்றே.

திருத்தணி போன்ற எல்லையூரில் இந்த நாடாக்களின் மதிப்பு இன்னும் கூடுதல். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1985இல் அறுபது வயதில் ஒரு நிக்காஹ் சபையில் அமர்ந்திருந்தவர், தம் முப்பத்தைந்தாம் வயதுவரை சித்தூர் மாவட்டத்துக்காரர். தமிழும் தெலுங்கும் உருதுவும் புழங்கும் இப்பகுதியில் அத்தகையவர் தம் சம்பந்தியோடு எந்த மொழியில் பேசினார், எந்தச் சொல்லில் மொழி மாற்றினார் என்பதை எந்த அரசிதழும் எழுதி வைக்கவில்லை. எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்பதை ஆவணம் சொல்லும். அக்கோட்டின் இருபுறமும் உறவுகள் எப்படிப் பேசிக்கொண்டன என்பதை மணவீட்டுப் பதிவுதான் சொல்லும். நாம் குடும்ப நினைவு என்று கருதுவது வரலாற்றின் மூல ஆவணமும் ஆகும்.

அந்த ஆவணம் அழிந்துகொண்டிருக்கிறது. பாலியெஸ்டர் நாடாவின்மேல் காந்தத் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தால் நாளடைவில் சிதைகிறது. நம் மழைக்காலம் அதன்மேல் பூஞ்சணத்தையும் படரவிடுகிறது. ஓட்டும் கருவியும் மறைந்து வருகிறது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உலகெங்கும் உள்ள காந்த நாடாக்கள் குறித்து 2019இல் யுனெஸ்கோ எச்சரிக்கை விடுத்தது. 2025 அளவில் அவற்றை ஓட்டும் வாய்ப்பே அரிதாகிவிடும் என்பது துறை வல்லுநர்களின் கணிப்பு. அக்காலம் இப்போது வந்தேவிட்டது.

கவனக்குறைவு பெரிய நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை. 1969இல் நிலவில் மனிதன் கால்வைத்த காட்சியின் மூலப் பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவை 2009இல் நாசா வெளியிட்டது. தொலைக்காட்சி நிலையங்களில் பிரதிகள் இருந்ததால் உலகம் அக்காட்சியை இழக்கவில்லை. நம் வீட்டு நாடாவுக்கு இரண்டாம் பிரதி ஏது? திருமண கேசட்டின்மேல் திரைப்படம் பதிந்துவிட்ட வீடுகளும் உண்டு. கேசட்டின் முதுகுப்புறத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபதிவு செய்ய இயலாது. இன்றே செய்யத்தக்க முதல் காப்பு அதுவே.

அடுத்தது டிஜிட்டலாக மாற்றுவது. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் அதை ஓட்டியே ஆக வேண்டும். குறுக்கு வழி இல்லை. வெண்பூஞ்சணம் தெரியும் கேசட்டை எக்காரணம் கொண்டும் கருவிக்குள் செலுத்தலாகாது. முதலில் அதைத் தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். டிவிடியில் பதிந்துவிட்டால் போதும் என்பதும் நிலையான தீர்வன்று. அத்தட்டுகளும் காலப்போக்கில் பழுதடைகின்றன. கோப்பாக மாற்றி, இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒப்படைப்பது நலம். மாற்றிய பிறகும் மூல நாடாவை எறிந்துவிடக் கூடாது.

இதில் நம் குடும்பங்கள் மறக்கலாகாத ஒன்று உண்டு. அந்நாடாக்களில் பெண்கள் பகுதியின் காட்சிகளும் இருக்கும். அன்று வீட்டார் மட்டுமே பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேமராவின்முன் நின்ற நம் சகோதரிகளின் உருவம், இன்று ஒரு விரல் அசைவில் ஊரெங்கும் பரவிவிடும். ஆகவே நாடாவைக் கடையில் கொடுத்துவிட்டு வராமல், நம்பகமான ஒருவரை உடனிருக்கச் செய்ய வேண்டும். கடைக் கணினியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்ல வேண்டும். உரியவரின் சம்மதமின்றி எந்தக் குழுவிலும் பகிரலாகாது. மர்ஹூமாகிவிட்டவர்களிடம் சம்மதம் கேட்க வழியில்லை. அவர்களுடைய மானம் நம்மிடம் உள்ள அமானிதம்.

கோப்பு தயாரானதும் வீட்டு மூத்தவர்களை அமரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். சபையில் இருப்போர் யார், எந்த ஊரார், என்ன உறவு என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய தலைமுறையும் நம்மிடையே குறைந்து வருகிறது. பெயர் அறியாத முகம் நாளைய பேரப்பிள்ளைக்கு வெறும் படம். பெயரோடு கூடிய முகமே அவனுக்குப் பாட்டனார்.