மண்டையோட்டிலிருந்து ஒரு முகம்



கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு முகம் கொடுத்து 2025 ஜூனில் படம் வெளியிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்த என் நண்பன், "சும்மா வரைஞ்சிருப்பாங்கடா" என்றான். அவனுக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1894-ல் லைப்சிக் நகரில், இசைமேதை பாக்கின் எலும்புகள் என்று கருதப்பட்டவை தோண்டி எடுக்கப்பட்டன. அவருடையதுதானா? வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இறந்தவர்களின் முகத்தில் ஊசி செருகி, எந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமன் என்று அளந்தார். அந்த அளவுப்படி மண்டையோட்டின் வார்ப்பு மேல் களிமண் அப்பி, சிற்பி கார்ல் செஃப்னர் 1895-ல் பாக்கின் மார்பளவு சிலையைச் செய்தார். பிறகு ரஷ்யாவில் கெராசிமோவ், 1941-ல் தோண்டி எடுக்கப்பட்ட தைமூரின் மண்டையோட்டிலிருந்து அவர் முகத்தைச் செய்தார்.

2008-ல் அதே பாக்கின் முகத்தை கரோலின் வில்கின்சன் கம்ப்யூட்டரில் உருவாக்கினார். முறை பழசுதான், களிமண் மட்டும் இல்லை! ஸ்கேன் செய்த முப்பரிமாண மண்டையோட்டின் மேல் சதை அளவைக் காட்டும் குச்சிகளை நடுகிறார்கள். தசைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, மேலே தோலைப் போர்த்துகிறார்கள். கையில் பிடிக்கும் பேனா போன்ற கருவி, நிஜக் களிமண்ணைத் தொடுவது போல எதிர்விசை தருகிறது. தப்பானால் அழித்துத் திருத்தலாம். மண்டையோட்டுக்குச் சேதமில்லை.

கொந்தகை கீழடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஈமக்காடு. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முந்தையவை எனப்படும் அந்த இரண்டு ஆண் மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் ஸ்கேன் செய்து அனுப்ப, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஃபேஸ் லேப்' முகங்களை அமைத்தது. கீழ்த்தாடை கிடைக்காததால் அதைக் கணக்கிட்டுத்தான் சேர்த்தார்கள்.

அப்படியானால் நண்பன் சொன்னது சரியா? பாதி சரி. நெற்றி, கன்னமேடு, கண்களின் இடைவெளி இவற்றை எலும்பே சொல்லிவிடும். தோல் நிறத்தையும் முடி நிறத்தையும் சொல்லாது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் தலையை 2013-ல் வைத்தார்கள். 2014-ல் வந்த மரபணு ஆய்வு, நீலக் கண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. நிறத்தை மாற்ற வேண்டியதாயிற்று. முகவடிவம் அப்படியே இருந்தது. கொந்தகை முகங்களுக்கு இன்றைய தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துத்தான் நிறம் கொடுத்தார்கள். நாமோ நிறத்தை வைத்துத்தான் சண்டை போடுகிறோம்!

எங்கள் கீரனூரிலிருந்து சித்தன்னவாசல் பக்கம் போனால் கல்வட்டங்களைப் பார்க்கலாம். அவையும் ஈமச்சின்னங்களே. அங்கே படுத்தவர்களுக்கும் ஒரு முகம் இருந்தது. புதையல் ஆசையிலோ விளையாட்டாகவோ ஒரு தாழியை உடைத்தால், உடைவது வெறும் பானை இல்லை. மண்டையோடு நொறுங்கிவிட்டால் முகத்தை மீட்பது மிகவும் கடினமாகிவிடும். உங்கள் ஊரில் தாழி தென்பட்டால் கை வைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.